ஆல்டர்ட் ஸ்கேல்: கௌரிமனோகரி பாடத் தெரிந்தவர்களுக்கு

ஜாஸ் பாட்டுத் தாளில் ஜி7 என்று போட்டிருந்தால் எப்படியும் வாசித்துவிடலாம். அதன் பின்னால் ‘ஆல்ட்’ (ஆல்டர்ட், அதாவது மாற்றப்பட்டது) என்று ஒரு வால் ஒட்டியிருந்தால்தான் புதியவர்களுக்குக் கை நின்றுவிடுகிறது. தேடிப் பார்த்தால் ‘மெலோடிக் மைனரின் ஏழாவது மோட்’ என்பார்கள், ‘சூப்பர் லோக்ரியன்’ என்பார்கள், ‘டிமினிஷ்டு ஹோல் டோன்’ என்பார்கள். மூன்றும் ஒரே ஸ்கேலுக்கான பெயர்கள், மூன்றும் சரிதான். ஆனால் பெயரைத் தெரிந்துகொண்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் எதை அழுத்துவது என்பது அப்போதும் தெரியாது.

பெங்களூரில் ஜாஸ் கற்க வரும் தமிழர்களில் ஒரு வகையினரை அடிக்கடி பார்க்கிறேன். சின்ன வயதில் ஊரில் வர்ணம் வரை பாட்டு, கல்லூரியில் கீபோர்டில் சினிமாப் பாட்டு, வேலைக்கு இங்கே வந்த பிறகு ஒயிட்ஃபீல்டு விண்ட்மில்ஸில் ஒரு ஜாஸ் கச்சேரி கேட்டுவிட்டு வந்த ஆசை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கற்ற கர்நாடக சங்கீதம் இந்த ஸ்கேலுக்கு நல்ல குறுக்குவழி. அதே சங்கீதம் ஓரிடத்தில் காலை வாரியும் விடும். மேஜர் ஸ்கேல் வாசிக்க வரும், செவன்த் கார்ட் என்றால் என்னவென்று தெரியும், டூ-ஃபைவ்-ஒன் என்பதைக் காதால் கேட்டாவது இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லா உதாரணமும் சி மேஜரில்தான், அதாவது டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7.

முதலில் வெறும் ஜி7

ஜி, பி, டி, எஃப் நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். உடனே சி, இ, ஜி. முதல் கார்ட் எங்கேயோ போகத் துடித்தது, இரண்டாவது உட்கார்ந்துவிட்டது. அந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பி அரைப்படி ஏறி சி-யில் விழுகிறது, எஃப் அரைப்படி இறங்கி இ-யில் விழுகிறது. ஜி7-இன் உயிர் இந்த இரண்டு ஸ்வரம்தான்.

இப்போது டி-யை எடுத்துவிட்டு வாசியுங்கள். பெரிதாக எதுவும் குறையாது. ஐந்தாவது ஸ்வரம் கார்டுக்குக் கனம் கொடுக்குமே தவிர, அது எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. ஒன்பதாவது ஸ்வரமான ஏ-யும் (ஜி-யிலிருந்து மேல் ஸ்தாயியிலும் தொடர்ந்து எண்ணினால்) அப்படித்தான், அழகாக இருக்கும், ஆனால் சும்மா இருக்கும்.

1940களில் நியூயார்க்கில் பீபாப் என்ற ஜாஸ் பாணியை வாசித்தவர்கள், டிஸ்ஸி கில்லெஸ்பி, தெலோனியஸ் மங்க் போன்றவர்கள், சும்மா இருக்கும் இந்த இடங்களில்தான் கை வைத்தார்கள். ஐந்தாவதை அரைப்படி இறக்கினால் டி ஃப்ளாட், அரைப்படி ஏற்றினால் இ ஃப்ளாட். ஒன்பதாவதை இறக்கினால் ஏ ஃப்ளாட், ஏற்றினால் பி ஃப்ளாட். இப்போது அந்த நான்கும் இழுக்க ஆரம்பித்துவிட்டன.

தொடாமல் விட்டவை மூன்று: ஜி, பி, எஃப். மாற்றியவை நான்கு. வரிசைப்படுத்திப் பாருங்கள்:

ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப்.

ஆல்டர்ட் ஸ்கேல் இவ்வளவுதான். ரூட் (கார்டின் ஆதார ஸ்வரம், இங்கே ஜி), மூன்று, ஏழு மூன்றையும் தொடாதே, ஐந்தையும் ஒன்பதையும் இரண்டு பக்கமும் அரைப்படி தள்ளு. புத்தகங்களில் டி ஃப்ளாட்டை ஷார்ப் 11 என்றும் இ ஃப்ளாட்டை ஃப்ளாட் 13 என்றும் எழுதியிருப்பார்கள். கட்டை ஒன்றேதான், அதில் குழம்ப வேண்டாம்.

கௌரிமனோகரி வழி

மேலே சொன்ன முறையில் யோசித்து வாசிக்க நேரம் பிடிக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது நான்கு தட்டு. அதற்குத்தான் மெலோடிக் மைனர் சமாசாரம். ஜாஸில் மெலோடிக் மைனர் என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே ஸ்வரங்கள் (மேற்கத்திய கிளாசிக்கலில் இறக்கம் வேறு). அந்த ஸ்வரங்களை நீங்கள் ஏற்கெனவே பாடியிருக்கிறீர்கள்: சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம். 23வது மேளம், கௌரிமனோகரி. தியாகராஜரின் ‘குருலேக எடுவண்டி’ பாடமாகியிருந்தால் இது காதிலேயே இருக்கும்.

ஜி7 ஆல்ட் என்று பார்த்தவுடன் ஜி-க்கு அரைப்படி மேலே போங்கள். ஏ ஃப்ளாட். அதை ஸட்ஜமாக வைத்துக் கௌரிமனோகரி வாசியுங்கள்: ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப், ஜி. மேலே எழுதிய அதே ஏழு ஸ்வரம். அதாவது, கௌரிமனோகரியின் நிஷாதத்தை ஆதாரமாக வைத்துக் கிரக பேதம் செய்தால் ஆல்டர்ட் ஸ்கேல். ரிஷபத்திலிருந்து செய்தால் நாடகப்ரியா, மத்யமத்திலிருந்து வாசஸ்பதி, பஞ்சமத்திலிருந்து சாருகேசி என்று பாடம் கேட்டிருப்பீர்கள். நிஷாதத்தில் வைத்தால் பஞ்சமம் கிடைப்பதில்லை, மேளமும் அமைவதில்லை என்பதால் நம் பக்கத்தில் அதைக் கண்டுகொள்வதில்லை. ஜாஸ்காரர்களுக்கு அந்த மிச்சம்தான் வேண்டியிருந்தது.

இந்தக் குடும்பத்தில் வாசஸ்பதியை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், கொஞ்சம் கழித்து அது திரும்ப வரும்.

சுருதிப் பெட்டியை எங்கே வைப்பது

காலை வாரும் இடம் இதுதான். ஸ்கேல் கையில் வந்ததும் கர்நாடகப் பயிற்சி உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? தம்புரா ஆப்பை ஜி-யில் வைத்து, ஆரோகணம் அவரோகணம் பாடி, ஜீவ ஸ்வரம் எது என்று தேடுவார்கள். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் இந்த ஸ்கேல் ஸ, சுத்த ரி, சாதாரண க, அந்தர க, பிரதி ம, சுத்த த, கைசிகி நி. இரண்டு காந்தாரம் பக்கத்தில் பக்கத்தில், பஞ்சமமே கிடையாது. கேட்கச் சகிக்காது. ‘ஜாஸ் நமக்கு ஒத்து வராது’ என்று பெட்டியை மூடிவிடுகிறவர்களும் உண்டு.

ஆல்டர்ட் ஸ்கேல் ராகமில்லை. அதற்குச் சொந்த வீடு கிடையாது, ஒரு பாருக்கு (இங்கே நான்கு தட்டு) வந்துவிட்டுப் போகிற சமாசாரம். பாட்டின் ஸட்ஜம் சி. ஆகவே தம்புராவைச் சி-யில் வையுங்கள், பஞ்சமத்தோடு. இப்போது அதே ஏழு கட்டைகளையும் சி-யிலிருந்து எண்ணிப் பாருங்கள். டி ஃப்ளாட் சுத்த ரிஷபம். இ ஃப்ளாட் சாதாரண காந்தாரம். எஃப் சுத்த மத்யமம். ஜி பஞ்சமம். ஏ ஃப்ளாட் சுத்த தைவதம். பி ஃப்ளாட் கைசிகி நிஷாதம்.

தோடி! தோடியின் ஸ்வரஸ்தானங்கள் அத்தனையும் இருக்கின்றன, ஸட்ஜம் மட்டும் இல்லை. ஸட்ஜத்துக்குப் பதிலாக அதற்கு அரைப்படி கீழே காகலி நிஷாதம் வந்து நிற்கிறது, அதாவது பி. சங்கராபரணத்தில் போய்க்கொண்டிருக்கிற பாட்டில் ஒரே ஒரு பாருக்குத் தோடியின் நிழல் விழுகிறது, அடுத்த பாரின் முதல் தட்டில் அந்தர காந்தாரத்தில் வெளிச்சம் வந்துவிடுகிறது. டூ-ஃபைவ்-ஒன்னில் ஆல்டர்ட் ஸ்கேல் செய்கிற வேலை இதுதான். ஸ்வரஸ்தானம்தான் ஒன்று, கமகம் கிடையாது. தோடி காந்தாரத்தை அசைத்தீர்களானால் பக்கத்தில் பாஸ் வாசிப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

இந்த ஊரில் ஜாஸும் கர்நாடக சங்கீதமும் சந்தித்தது புதிதல்ல. டி.ஏ.எஸ். மணி 1964இல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியோடும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ 1980களில் இசைத்தட்டு பதிவு செய்திருக்கிறார். கேட்க வேண்டிய இசை. ஆனால் அந்தப் பாதை ராகத்தின் மேல் நடக்கிறது. ஆல்டர்ட் ஸ்கேல் பிறந்தது பாருக்குப் பார் கார்ட் மாறுகிற இசையில். ஒன்றைக் கேட்டு மற்றதைக் கற்றுக்கொள்ள முடியாது.

எந்த ஸ்வரம் எங்கே இறங்கும்

தம்புரா சி-யில் ஓடட்டும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாகப் பிடித்து, அது போக விரும்புகிற இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். முதலில் பாடி, பிறகு வாசித்து. எஃப் இறங்கி இ. பி ஏறி சி. ஏ ஃப்ளாட் இறங்கி ஜி. டி ஃப்ளாட் இறங்கி சி. பி ஃப்ளாட் இறங்கி ஏ, இல்லாவிட்டால் ஏ ஃப்ளாட் வழியாக ஜி. இ ஃப்ளாட்டுக்கு இரண்டு வழி: இறங்கி டி, ஏறி இ. சாதாரண காந்தாரத்தில் நின்றுவிட்டு அந்தர காந்தாரத்துக்கு ஏறுவதுபோல இனிமையானது இந்த ஸ்கேலில் வேறில்லை என்பது என் கட்சி.

அநேகமாக எல்லாமே அரைப்படி நகர்வு என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதில் நேரம் செலவழிப்பதைவிட இந்த ஆறு நகர்வுகளில் செலவழியுங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலும் வீணில்லை.

இடது கை

பில் எவன்ஸ் போன்ற பியானோக்காரர்கள் ரூட்டைப் பாஸ்காரருக்கு விட்டுவிட்டு மற்ற ஸ்வரங்களை மட்டும் இடது கையில் பிடித்தார்கள். அந்த முறையில் மூன்று கார்டுக்கும் வாய்சிங் (கார்டின் ஸ்வரங்களைக் கையில் அடுக்கும் விதம்) இதோ, கீழிருந்து மேலாக, நடு சி-யை ஒட்டி:

டி மைனர் 7: சி, இ, எஃப், ஏ
ஜி7 ஆல்ட்: பி, இ ஃப்ளாட், எஃப், பி ஃப்ளாட்
சி மேஜர் 7: பி, டி, இ, ஏ

ஒவ்வொரு விரலும் என்ன செய்கிறது என்று பார்த்து வாசியுங்கள். முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது எஃப் அசைவதில்லை, மற்ற மூன்று விரலும் அரைப்படிதான் நகர்கின்றன. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு பி அசைவதில்லை, மற்ற மூன்றும் அரைப்படி இறங்குகின்றன. கட்டையைத் தேடித் தாவுகிற வேலையே இல்லை. தனியாகப் பயிற்சி செய்யும்போது ரூட் காதில் விழ வேண்டும் என்றால், இந்த வாய்சிங்கை வலது கையில் பிடித்து இடது கையில் டி, ஜி, சி மட்டும் அழுத்துங்கள்.

இப்போது ஜி7 ஆல்ட் வாய்சிங்கைப் பிடித்துக்கொண்டு, பாஸில் ஜி-க்குப் பதிலாக டி ஃப்ளாட் அழுத்திப் பாருங்கள். அதுவும் பொருந்தும்! மேலே இருப்பது இப்போது டி ஃப்ளாட் 13. டிரைடோன் சப்ஸ்டிட்யூஷன் என்று சொல்வது இதைத்தான். ஏ ஃப்ளாட் கௌரிமனோகரியின் மத்யமம் டி ஃப்ளாட், அங்கிருந்து எடுத்தால் வாசஸ்பதி. ஜி ஆல்டர்ட்டும் டி ஃப்ளாட் வாசஸ்பதியும் ஒரே ஏழு கட்டை. பாஸ்காரர் கேட்காமலே டி ஃப்ளாட்டுக்குப் போய்விட்டாலும் நீங்கள் கையை மாற்ற வேண்டியதில்லை.

வலது கைக்குக் கொஞ்சம் சரக்கு

மெட்ரோனோமை 60இல் வைத்து, தட்டுக்கு ஒரு ஸ்வரமாக வாசியுங்கள். ஸ்விங் எல்லாம் பிறகு.

முதல் வரி: டி, எஃப், ஏ, சி ஏறுங்கள். ஜி7 பாரில் பி, பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், எஃப் இறங்குங்கள். அடுத்த பாரின் முதல் தட்டில் இ. ஸ்வரமாகப் பாடினால் ரி ம த ஸா, பிறகு காகலி நி, கைசிகி நி, சுத்த த, ம, அப்புறம் க. இரண்டு நிஷாதங்களை அடுத்தடுத்துப் பாடுவது முதலில் நாக்கில் ஒட்டும். பாடிப் பழகிவிட்டால் கை தானாக வரும்.

இரண்டாவது முழுக்க இறக்கம். டி மைனரில் ஏ, ஜி, எஃப், இ. ஜி7-இல் இ ஃப்ளாட், டி ஃப்ளாட், பி, ஏ ஃப்ளாட். வந்து நிற்பது ஜி. இதில் பார் மாறுகிற இடம் காதுக்குத் தெரியாமலே கடந்துவிடும், அதுதான் அதன் அழகு.

மூன்றாவது ஒரு வரி அல்ல, ஒரு ட்ரையட், அதாவது மூன்று ஸ்வரக் கார்ட். ஜி7 ஓடும்போது வலது கையில் இ ஃப்ளாட் மேஜர்: இ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட். சி வந்ததும் ஜி-யை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் அரைப்படி ஏற்றினால் இ, ஜி, பி. ஆல்டர்ட் ஒலியைப் புதியவர்கள் சீக்கிரம் நம்ப ஆரம்பிப்பது இதில்தான், ஏனென்றால் காதில் விழுவது ஒரு சாதாரண மேஜர் கார்ட், அது நிற்கிற இடம்தான் விசித்திரம். இதே போல டி ஃப்ளாட் மேஜரும் ஏ ஃப்ளாட் மைனரும் பொருந்தும். நீங்களே தேடிப் பாருங்கள்.

ஐரியல் ப்ரோ போன்ற ஆப்பில் இந்த மூன்று கார்டையும் சுற்றவிட்டு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு வாசித்தால் அபார்ட்மெண்டில் இரவு பத்து மணிக்கும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். நான்காவது பார் சும்மா விடுங்கள். இடைவெளி இல்லாமல் வாசித்தால் என்ன வாசித்தோம் என்றே கேட்காது.

எங்கே வாசிக்கக் கூடாது

பாட்டின் மெட்டு அந்த இடத்தில் ஏ, டி, இ இவற்றில் ஏதாவது ஒன்றில் நின்றால் ஆல்டர்ட் வேண்டாம், நேரடியாக மோதும். பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது இன்னும் கவனம் தேவை. ஜி7 சஸ் என்று போட்டிருந்தால் அங்கே பி-க்குப் பதில் சி நிற்கிறது, இந்த ஸ்கேலில் சி-யே இல்லை. ஜி13 என்றால் இ வேண்டும். ஃப்ளாட் 9-ஓடு 13ம் சேர்த்துக் கேட்டால் அதற்கு ஹாஃப்-ஹோல் டிமினிஷ்டு என்று எட்டு ஸ்வர ஸ்கேல் தனியாக இருக்கிறது, அது இன்னொரு நாள்.

ப்ளூஸில் முதல் சி7 எங்கேயும் போகத் துடிப்பதில்லை, அதுதான் அங்கே வீடு. அதில் ஆல்டர்ட் வாசித்தால் அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு பார் ப்ளூஸின் நான்காவது பாரில் அதே சி7 அடுத்துள்ள எஃப்7-க்குப் போகத் தயாராகிறது. அங்கே சி7-ஐ ஆல்டர்ட் ஆக்கலாம். அரைப்படி மேலே, டி ஃப்ளாட் கௌரிமனோகரி. முதன்முதலாக ஆட்களோடு சேர்ந்து முயன்று பார்க்க இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

சி மைனருக்குப் போகிற ஜி7-இல் ஆல்டர்ட் இன்னும் சுலபமாக உட்காரும், ஏனென்றால் இ ஃப்ளாட்டும் பி ஃப்ளாட்டும் சி மைனருக்குச் சொந்தமானவை. அதற்கு முன்படியாக ஜி-யிலிருந்து வகுளாபரணம் வாசித்துப் பாருங்கள். சி கீரவாணியின் பஞ்சமத்திலிருந்து எடுத்தது அது, டி-யும் சி-யும் உண்டு. காது அதில் பழகிய பிறகு ஆல்டர்ட்டுக்குப் போனால் குத்தாது.

பன்னிரண்டு கீ

சி மேஜரில் வந்துவிட்டது என்றால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். மிச்சத்துக்குக் கீபோர்டு தேவையில்லை. அரைப்படி மேலே எது என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்: ஏ7-க்கு பி ஃப்ளாட், டி7-க்கு இ ஃப்ளாட், இ7-க்கு எஃப், பி ஃப்ளாட் 7-க்கு பி. மெட்ரோவில் எம்.ஜி. ரோட்டில் ஏறி ஒயிட்ஃபீல்டு பக்கம் போகிறவர்கள் ஸ்டேஷனுக்கு ஒரு கார்டாக எடுத்துக்கொண்டு, அரைப்படி மேலே உள்ள கௌரிமனோகரியின் ஏழு ஸ்வரங்களையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போகலாம். குண்டலஹள்ளி வருவதற்குள் பன்னிரண்டும் முடிந்துவிடும்.

ஜாம் செஷனுக்குப் போகும்போது இன்னொன்று. தாளில் ஜி7 என்று மட்டும் இருக்கும், கிடார்காரர் அதை ஜி13 ஆக வாசிப்பார், நீங்கள் ஆல்டர்ட் என்று முடிவு செய்திருப்பீர்கள். அவருடைய இ-யும் உங்கள் இ ஃப்ளாட்டும் அரைப்படி இடைவெளியில் உரசும். மேடையில் பேசித் தீர்க்க நேரம் இருக்காது. முதல் சுற்றில் இடது கையில் பி, எஃப் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் என்ன வாசிக்கிறார் என்று கேளுங்கள். உங்கள் சோலோ வரும்போது அவர் தானாகவே இறங்கி வாசிப்பார், அப்போது வலது கையில் ஆல்டர்ட்டைக் கொண்டு வரலாம். இறங்கவில்லை என்றால் இடைவேளையில் போய், அந்த ஜி7-ஐ ஆல்ட்டாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.